பிள்ளைகளுக்குப் பழகக் கற்றுக்கொடுப்போம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்டது. பள்ளிவாசல் பராமரிப்பு, மையவாடிச் சுற்றுச்சுவர், இமாம், முஅத்தின் ஆகியோரின் ஊதியம், மக்தப் மதரஸாவின் செலவு என ஒவ்வொன்றும் ரூபாய், பைசா வரையில் சொல்லப்பட்டது. கணக்கில் ஏறாத ஒரு செல்வத்தைப் பற்றிப் பேச எனக்குப் பதினைந்து நிமிடங்கள் தந்திருக்கிறீர்கள். அந்தச் செல்வம் நம் பிள்ளைகள். அவர்கள் என்ன படிக்கிறார்கள், எத்தனை மதிப்பெண் பெறுகிறார்கள் என்பதைப் பேசுவதற்குப் பல மேடைகள் உண்டு. நான் பேச வந்தது, அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் பற்றி.

ஒரு மாலை வகுப்பில் கண்டது

2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதி அன்றுதான் பள்ளிக்கதவு மீண்டும் திறந்தது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ இருபது மாதங்கள். 2020ஆம் ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்க்கப்பட்ட பிள்ளை, ஒன்றாம் வகுப்பறையைக் கண்ணால் காணாமலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்தது.

இந்த இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிற்று. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 மாவட்டங்களுள் நமது கடலூர் மாவட்டமும் ஒன்று. மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். ஏறக்குறைய இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். வீட்டுத் திண்ணையோ, சமுதாயக் கூடமோ, மரத்தடியோ வகுப்பறை. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்காக மட்டும் அவர்கள் அப்பணியைச் செய்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்றபின் வீட்டில் இருந்த நானும் அப்படிப்பட்ட ஒரு மையத்துக்கு நாள்தோறும் சென்று உதவிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எழுத்துகளை மறந்திருப்பார்கள் என்பது நாங்கள் எதிர்பார்த்ததுதான். அதற்குப் பாட அட்டைகளும் பயிற்சித் தாள்களும் தயாராக இருந்தன. நாங்கள் எதிர்பாராதது வேறொன்று. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், தன் உம்மாவின் துப்பட்டா முனையை விட்டு இறங்க மறுத்தான். மற்றொரு பிள்ளை அவனுடைய பென்சிலை எடுத்தபோது, "அது என்னுடையது, கொடு" என்று கேட்க அவனுக்குத் தெரியவில்லை. அழுதான்; அல்லது கையை ஓங்கினான். தண்ணீர்க் குடத்தின் அருகே வரிசையில் நிற்கச் சொன்னால், வரிசை என்றால் என்னவென்று சிலருக்கு விளங்கவில்லை. கதை சொல்லும்போது ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க யாராலும் இயலவில்லை.

எழுத்து திரும்பி வந்துவிட்டது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள், தமிழகக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வீடு தேடிச் சென்று சோதித்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் தமிழிலும் கணக்கிலும் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டதையும், அம்மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அந்த மாலை வகுப்புகளால் வந்ததையும் அவர்கள் கண்டார்கள். இது நாம் மகிழ வேண்டிய செய்தி. ஆனால் வரிசையில் நிற்கும் பொறுமையும், கேட்டு வாங்கும் துணிவும், தோற்றவனைத் தட்டிக்கொடுக்கும் மனமும் எந்த அளவுக்குத் திரும்பின என்பதை எந்தப் பரீட்சைத் தாளும் அளக்கவில்லை.

பழகுதலும் ஒரு கல்வியே

"பழகுவதற்கெல்லாம் பாடம் வேண்டுமா? நாங்கள் யாரிடம் கற்றோம்?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாமும் கற்றே வந்தோம். கற்கிறோம் என்று தெரியாமல் கற்றோம். வெள்ளாற்று மணலில் கிளித்தட்டு ஆடியபோது, கோட்டைத் தாண்டினாயா இல்லையா என்று சண்டையிட்டு, நடுவராக ஒருவனை ஏற்று, அவன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டோம். பல்லாங்குழியில் தோற்றுப் பழகினோம். நொண்டி ஆடும்போது முறை வரும்வரை காத்திருந்தோம். ஒரே கூரையின் கீழ் பெரியத்தா பிள்ளைகளும் சின்னம்மா பிள்ளைகளுமாகப் பத்துப் பேர் ஒரே தாலத்தில் உண்டபோது, பக்கத்தில் இருப்பவனுக்கும் கறித்துண்டு மிஞ்ச வேண்டும் என்பதைக் கற்றோம்.

இன்று பல வீடுகளில் ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. தந்தை வளைகுடா நாட்டில். தினமும் கைப்பேசித் திரையில் முகம் காட்டிவிட்டு மறைகிறார். தெருவில் வாகனங்கள். பள்ளி முடிந்தால் மதரஸா, மதரஸா முடிந்தால் டியூஷன், டியூஷன் முடிந்தால் கைப்பேசி. கைப்பேசி விளையாட்டில் தோற்றால் மீண்டும் தொடங்கும் பொத்தானை அழுத்தலாம். எதிரில் இருப்பவனின் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியதில்லை. முன்பு தெருவும் முற்றமும் செய்த வேலையைச் செய்ய இன்று யாரும் இல்லை. ஆகவே நாம்தான் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதாகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைத் தொகுத்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், தெளிவாகப் பேசுதலும் கேட்டலும், உறவு பேணுதல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், புதிதாகச் சிந்தித்தல், ஆராய்ந்து சிந்தித்தல், உணர்ச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல் ஆகியவையே அவை. இவற்றில் எதுவும் நமக்கு அந்நியமானது அன்று. திருக்குர்ஆனின் லுக்மான் அத்தியாயத்தில் ஒரு தந்தை தன் மகனுக்குச் சொல்லும் அறிவுரைகளை நினைத்துப் பாருங்கள். இறைவனை வணங்குவதைப் பற்றிச் சொன்ன அதே தந்தை, மக்களிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்றும், செருக்கோடு நடக்காதே என்றும், குரலைத் தாழ்த்திக்கொள் என்றும் கருத்துப்பட உபதேசிக்கிறார். முகம், நடை, குரல். தொழுகையோடு சேர்த்துப் பிள்ளைக்குச் சொல்லப்பட்டவை இவை.

கறுப்புக் கல்லும் ஒரு துணியும்

சேர்ந்து வாழ்வதைச் சொல்லால் மட்டும் கற்பிக்க இயலாது. சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்ய வைத்தே கற்பிக்க முடியும். இதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் அனைவரும் அறிந்தது. நபி (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் அருளப்படுவதற்கு முன், அவர்களின் முப்பத்தைந்தாம் வயதில், குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்துக் கட்டினார்கள். ஹஜருல் அஸ்வத் கல்லை உரிய இடத்தில் வைக்கும் பெருமை யாருக்கு என்பதில் குலங்களிடையே பூசல் மூண்டு, வாளெடுக்கும் நிலை வந்தது. அடுத்து உள்ளே நுழைபவரின் தீர்ப்பை ஏற்பது என்று முடிவாயிற்று. நுழைந்தவர் நம் நாயகம். அவர்கள் ஒரு துணியை விரித்து, கல்லை அதன் நடுவில் வைத்து, ஒவ்வொரு குலத்தின் தலைவரும் ஒவ்வோர் ஓரத்தைப் பிடித்து உயர்த்தும்படி செய்தார்கள். ஒற்றுமையைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தவில்லை. எல்லாருடைய கையும் பட்டாலன்றி நகராத ஒரு வேலையைக் கொடுத்தார்கள்.

இரண்டாவது, 1954ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்னும் இடத்தில் நடந்தது. அதை நடத்தியவர் துருக்கி நாட்டில் பிறந்த உளவியல் பேராசிரியர் முசாஃபர் ஷெரீஃப். பதினொரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துச் சென்று, இரு குழுக்களாகப் பிரித்தார். பரிசுகளுக்காகப் போட்டி வைத்ததும் ஏச்சும் கொடி எரிப்பும் அறை புகுந்து சூறையாடலும் தொடங்கின. பிறகு அவர்களைச் சமாதானப்படுத்த, ஒரே கூடத்தில் உணவு உண்ண வைத்தார். சேர்ந்து படம் பார்க்க வைத்தார். பயனில்லை. உணவை ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். சும்மா ஒரே இடத்தில் உட்கார வைத்தால் நட்பு வந்துவிடாது என்பது அவர் கண்ட முதல் பாடம்.

பின்னர் அவர் வழியை மாற்றினார். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோகுமாறு செய்தார். அடைப்பு எங்கே என்று இரு குழுவும் சேர்ந்து தேட வேண்டியதாயிற்று. உணவு கொண்டுவரச் செல்ல வேண்டிய லாரி 'ஓடவில்லை' என்றார்கள். முன்னர் கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிராகப் பிடித்த அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லாச் சிறுவர்களும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிச் சில நாள்கள் கழிந்தபின், ஊர் திரும்பும்போது ஒரே பேருந்தில் போகலாம் என்று பலர் கேட்டார்கள். ஒரு குழு, தான் போட்டியில் வென்று வைத்திருந்த ஐந்து டாலரைச் செலவழித்து எல்லாச் சிறுவர்களுக்கும் பானம் வாங்கிக் கொடுத்தது.

பிள்ளைகளிடையே பகையைத் தூண்டிப் பார்த்த அந்த ஆய்வு முறையைப் பிற்காலத்தவர் பலர் கண்டித்துள்ளனர், அக்கண்டனம் சரியே. எனினும் அதில் தெரிந்த உண்மை நமக்குப் பயன்படும். மக்காவில் துணி செய்த வேலையை அங்கே கயிறு செய்தது.

வழிநடத்துபவர் எப்படி இருக்க வேண்டும்?

பிள்ளைகளைக் கூட்டி விட்டால் மட்டும் போதாது. வழிநடத்தப் பெரியவர் ஒருவர் வேண்டும். அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தே பலன் அமையும். 1930களின் இறுதியில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின் என்பவரும் அவருடைய தோழர்களும் பத்து வயதுச் சிறுவர்களின் மன்றங்களில் இதை ஆராய்ந்தார்கள். அதிகாரம் செய்து வேலை வாங்கியவரின் குழு, அவர் இருக்கும்வரை வேலை செய்தது. அவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை நின்றது. எப்படியாவது செய்யுங்கள் என்று விட்டுவிட்டவரின் குழுவில் வேலையும் நடக்கவில்லை, நிம்மதியும் இல்லை. பிள்ளைகளோடு கலந்து பேசி, அவர்களையே முடிவெடுக்க வைத்தவரின் குழு, அவர் இல்லாத நேரத்திலும் தொடர்ந்து வேலை செய்தது.

நம் நாயகத்தின் வழிமுறையைப் பாருங்கள். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒரு நாளும் தம்மைச் சீ என்று சொன்னதில்லை என்று அறிவிக்கிறார்கள். அனஸ் அவர்களின் தம்பி அபூ உமைர் வளர்த்த சிறு பறவை இறந்தபோது, அந்தச் சின்னஞ்சிறுவனிடம் பறவையைப் பற்றி விசாரித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். ஒரு சபையில் அவர்களின் வலப்புறம் ஒரு சிறுவரும் இடப்புறம் முதியோரும் அமர்ந்திருந்தார்கள். பருகிய பாத்திரத்தை முதலில் முதியோருக்குக் கொடுக்கலாமா என்று அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். சிறுவர் தம் பங்கை விட்டுத்தர விரும்பவில்லை. பாத்திரம் அவர் கைக்கே வந்தது. இங்கே ஒரு சிறுவரின் உரிமை மதிக்கப்பட்டது. மறுத்துப் பேசும் துணிவுக்கு இடம் தரப்பட்டது. மரியாதை என்பது பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தருவது மட்டும் என்று எண்ணும் நாம் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், மாணவரைக் கடுமையாக நடத்தினால் அவர்கள் ஊக்கம் இழப்பார்கள், பொய்க்கும் சூதுக்கும் பழகுவார்கள் என்று எச்சரித்திருக்கிறார். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை உடலளவிலோ மனத்தளவிலோ துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. நாம் அமைக்கும் அமர்வுகளில் பிரம்புக்கும் பட்டப்பெயருக்கும் இடமே இருக்கக் கூடாது.

கடலூர் கடற்கரை தந்த பாடம்

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டக் கடற்கரைக் கிராமங்களில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு இல்லங்கள் திறக்கப்பட்டன. உயிர் பிழைத்த பிள்ளைகள் பலர் பேச மறுத்தனர். அலை ஓசை கேட்டால் நடுங்கினர். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் வந்து உள்ளூர் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி அளித்தனர். ஓவியம், பொம்மை, பாட்டு, கதை, விளையாட்டு ஆகியவற்றைக் கொண்டு பிள்ளைகளைக் குழுவாக அமர்த்தி, மெல்ல மெல்லப் பேச வைத்தனர்.

எண்ணிப் பாருங்கள்: மருத்துவர்கள் சிலரே; பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். சில நாள் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களே அந்தப் பணியின் பெரும் பகுதியைச் செய்தார்கள். பயிற்சி, பொறுமை, ஒழுங்கு இவை மூன்றும் இருந்தால் நம்மாலும் இயலும் என்பதே அங்கே கற்க வேண்டியது.

ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது?

இனி நடைமுறைக்கு வருகிறேன். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம். ஒரு குழுவில் எட்டு முதல் பன்னிரண்டு பிள்ளைகள். ஆறிலிருந்து எட்டு வயதுவரை ஒரு குழு; ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை ஒரு குழு. மேல் வயதில் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் குழு. அதற்கு நம் மஹல்லாவில் ஆசிரியைகளாகவும் பட்டதாரிகளாகவும் இருக்கும் சகோதரிகளே பொறுப்பேற்கலாம்.

முதல் பத்து நிமிடம் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் ஸலாம் சொல்லித் தம் பெயரையும், இந்த வாரத்தில் தமக்கு நடந்த ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஒரு சிறு பந்து கைமாறட்டும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவரே பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். பேச விரும்பாத பிள்ளை பந்தை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், வற்புறுத்தல் கூடாது.

அடுத்த இருபது நிமிடம், சேர்ந்து செய்தால் மட்டுமே முடியும் ஒரு வேலை. ஒரு போர்வையின் ஓரங்களை எல்லாரும் பிடித்து, நடுவிலுள்ள பந்து விழாமல் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுசெல்வது ஒன்று. ஒரு கதையை ஆறு துண்டாக எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஒவ்வொருவரும் தம் பகுதியைப் பிறருக்குச் சொல்லி முழுக் கதையையும் கோத்தெடுப்பது மற்றொன்று. இரண்டாவது முறையை 1971ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் என்பவர், வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் முதன்முதலாக ஒரே வகுப்பில் அமர்ந்து மோதிக்கொண்டபோது பயன்படுத்தினார். ஒவ்வொரு பிள்ளையிடமும் பிறருக்குத் தேவையான ஒரு துண்டு இருப்பதால், எந்தப் பிள்ளையையும் ஒதுக்க முடியாது.

அடுத்த பதினைந்து நிமிடம் நடித்துக் காட்டல். "நண்பன் உன்னை விளையாட்டில் சேர்க்கவில்லை; என்ன சொல்வாய்?" "நீ தவறுதலாக ஒருவன் சைக்கிளைத் தள்ளி உடைத்துவிட்டாய். எப்படி மன்னிப்புக் கேட்பாய்?" "வயதில் பெரியவன் ஒருவன் கைப்பேசியில் தகாத படத்தைக் காட்டுகிறான், யாரிடம் சொல்வாய்?" என இருவர் இருவராக நடிக்கட்டும். பின்னர் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளட்டும். அடித்தவனாக நடித்த பிள்ளை அடிபட்டவனாக நடிக்கும்போது முகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

கடைசிப் பதினைந்து நிமிடம் பேச்சு. "இன்று எது கடினமாக இருந்தது? யார் உனக்கு உதவினார்?" இந்த இரு கேள்விகள் போதும். இறுதியாக ஒரு துஆ. பேரீச்சம்பழமோ சுண்டலோ கொடுத்து, பரிமாறும் பொறுப்பையும் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.

சில கட்டுப்பாடுகள்

ஒவ்வோர் அமர்விலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும்; ஒருவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எப்பொழுது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பிள்ளை சொன்ன வீட்டுச் செய்தி தேநீர்க் கடைக்குப் போகக் கூடாது. ஆயினும் பாலியல் துன்புறுத்தலை ஒரு பிள்ளை வெளிப்படுத்தினால், அதை மறைக்க நமக்கு உரிமை இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற சிறார் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைப்போம்.

எல்லாப் பிள்ளைகளின் தயக்கமும் ஒரே வகையானது அன்று. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணைப் பார்த்துப் பேசாமை, பேச்சு தாமதமாதல் போன்றவை ஆட்டிசம் முதலிய வளர்ச்சிக் குறைபாடுகளாக இருக்கக்கூடும். அது பெற்றோரின் குற்றமும் அன்று, கண்ணேறும் அன்று. மாவட்ட அளவில் அரசு மருத்துவமனை சார்ந்து இயங்கும் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தை நாட வேண்டும். நம் அமர்வு மருத்துவத்துக்கு மாற்று அன்று. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கும் வட்டத்தில் ஓர் இடம் உண்டு.

என் கணக்கில் உள்ள ஒரு கடன்

பெரியோர்களே! பிறருக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கு உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். அவன் வாய் திறந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆகவே நான் அவனைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். அவனை அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நம்பினேன். ஒன்பதாம் வகுப்போடு அவன் படிப்பை விட்டுவிட்டான். வறுமைதான் காரணம் என்று பதிவேட்டில் எழுதினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பெண்ணாடம் ரயில் நிலையத்தில் அவனைச் சந்தித்தேன். மனைவி மக்களோடு இருந்தான். அன்போடு ஸலாம் சொன்னான். பேச்சினிடையே, "நீங்க என்னை அடிச்சதே இல்ல சார். ஆனா ஒரு நாளும் என்னைக் கேள்வி கேட்டதும் இல்ல. நான் வகுப்புல இருந்தேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டான்.

சிரித்த முப்பது பேருக்கு, ஒருவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்க நான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்திருக்கும். நான் எளிய வழியைத் தேர்ந்தேன். அந்த ஒருவனை மௌனமாக்கினேன். இன்று நம் மதரஸாவிலும் பின்வரிசையில் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அவனை நாம் அமைதியான பிள்ளை என்று பாராட்டிக்கொண்டும் இருக்கக்கூடும்.

ஜமாஅத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

இதனால் ஓதல் குறையுமோ என்று சிலர் அஞ்சலாம். மதரஸா நேரத்தில் ஒரு நிமிடமும் எடுக்கப்போவதில்லை. இது பள்ளிக்கூடத்தின் வேலையன்றோ என்று சிலர் எண்ணலாம். பள்ளியும் செய்யட்டும், ஆனால் நாளை இந்தப் பிள்ளைகள்தாம் இந்த ஜமாஅத்தின் நிர்வாகக் குழுவில் அமரப்போகிறார்கள். மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்கவும், தோல்வியை ஏற்கவும், சண்டையைச் சபைக்குள்ளேயே தீர்க்கவும் அவர்கள் கற்கவில்லையென்றால், நாம் கட்டிய சுற்றுச்சுவர் எதைக் காக்கும்? செலவு என்ன என்று பொருளாளர் கேட்பார். இரண்டு போர்வை, நான்கு பந்து, கொஞ்சம் காகிதம், வண்ணக்குச்சி, வாரந்தோறும் சிறிது சுண்டல். அவ்வளவே.

ஆகவே பத்து வாரங்களுக்கு மட்டும், ஒரே ஒரு குழுவோடு, சோதனையாகத் தொடங்க இப்பொதுக்குழு இசைவு தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பாளர்களாகச் சகோதரர் இருவரும் சகோதரியர் இருவரும் முன்வர வேண்டும். முதல் நாளிலும் பத்தாம் வாரத்திலும் பெற்றோரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: பிள்ளை புதியவர்களிடம் ஸலாம் சொல்லிப் பேசுகிறதா? சண்டை வந்தால் கை ஓங்குகிறதா, வாய் திறந்து சொல்கிறதா? நண்பன் என்று ஒருவரின் பெயரையாவது சொல்கிறதா? பதில்களை அடுத்த ஆண்டறிக்கையில் உள்ளது உள்ளபடி அச்சிடுவோம். பயன் இல்லையெனில் நிறுத்திவிடுவோம்.

எனக்கு வயதாகிவிட்டது. ஓடியாட இயலாது. ஆனால் வட்டத்தில் ஓரமாக அமர்ந்து, திக்கிப் பேசும் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க என்னால் இயலும். அந்த ஒரு வேலைக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாகவும், ஊருக்கும் நாட்டுக்கும் பயனுள்ளவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.